இடுப்பெலும்பிலிருந்து ஓர் எண்வரை

இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் ஊசி இறங்குகிறது. தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துப்போக மருந்து உண்டு; சிரிஞ்சை இழுக்கும் சில நொடி வலிக்கு இல்லை. முதல் இழுப்பில் வரும் மஜ்ஜைதான் உசத்தி. அடுத்தடுத்த இழுப்புகளில் ரத்தம் கலந்து நீர்த்துவிடும்.

எடுத்த துளி பங்கு பிரிகிறது. ஒரு சொட்டு கண்ணாடிச் சில்லில் தேய்க்கப்பட்டு, சாயம் ஏறி, நுண்ணோக்கிக்குப் போகும். முதிராத பிளாஸ்ட் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். இன்னொரு பங்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். பிரியும் தறுவாயில் அணுவை நிறுத்தினால்தான் குரோமோசோம்கள் கண்ணில் படும். எம்.டி.எஸ். என்னும் மஜ்ஜைக் கோளாறுக்காக 1997-இல் 816 நோயாளிகளின் விவரங்களை வைத்து உருவான சர்வதேச மதிப்பெண் முறை, இவ்விரண்டையும் ரத்த அணுக் குறைவையும் பார்த்ததோடு நின்றது. 2012-இல் வந்த திருத்தம் அவற்றையே இன்னும் நுணுக்கமாக அளந்தது.

மூன்றாவது பங்குக்குத்தான் நீண்ட பயணம். அணுக்கள் உடைபட்டு, டி.என்.ஏ. மட்டும் பிரிக்கப்பட்டு, வரிசையைப் படிக்கும் இயந்திரத்துக்குள் நுழைகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தைச் சேர்ந்த எல்சா பெர்னார், எல்லி பாபயெம்மானுயில் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு, 2,957 பேரின் மாதிரிகளை இப்படிப் படித்து 2022-இல் ஐ.பி.எஸ்.எஸ்.-எம் மதிப்பெண்ணை வெளியிட்டது. கணக்கில் 31 மரபணுக்கள் சேர்ந்தன. நோயாளிகளில் 46 சதவீதம் பேர் பழைய பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு நகர்ந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர்!

டி.பி.53 மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டிருந்தால் நிலைமை மோசம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அவ்வளவு பயமில்லை. எஸ்.எஃப்.3.பி.1-இல் மாற்றம் இருப்பது பொதுவாக நல்ல சேதி. ஆனால் ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் அந்தச் சேதி கெட்டுவிடும். ஒற்றைக் கிரகத்தை வைத்துப் பலன் சொல்லும் சோதிடரை யார் நம்புவார்கள்? இங்கேயும் கூட்டைப் பார்த்தாக வேண்டும். என்ன, இங்கே பலன் எழுதியது ஆயிரக்கணக்கானவர் வாழ்ந்து விட்டுப்போன கணக்கு.

கடைசியில் ஓர் எண், ஆறு பிரிவுகளில் ஒன்று. கீழ்ப் பிரிவென்றால் பெரும்பாலும் ரத்தக் குறைவுக்கு வைத்தியம் பார்த்தபடி கண்காணிப்பு. மேல் பிரிவென்றால், உடல் தாங்குமானால், மஜ்ஜை மாற்றுப் பேச்சு எழும். கூடப்பிறந்தவர்களின் திசு வகை பொருந்துமா என்று பார்ப்பார்கள்.

எல்லாப் பரிசோதனைக் கூடங்களும் 31 மரபணுவையும் படிப்பதில்லை. விடுபட்டவை நல்லபடியாக இருந்தால், சராசரியாக இருந்தால், மோசமாக இருந்தால் என்று கணிப்பான் மூன்று விடை தருகிறது. இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். மூன்றும் ஒரே பிரிவில் விழுந்தால் மருத்துவர் துணிந்து பேசலாம். விலகி நின்றால், விடுபட்ட மரபணுக்களையும் படித்துவர மிச்ச டி.என்.ஏ. வேறொரு கூடத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.