ஓசிக் கரண்டு வந்த வழி

போன மாசம் மெட்ராஸ்ல இருந்து தெரிஞ்சவர் மகன் ஒருத்தர் தோட்டத்துக்கு வந்திருந்தாப்ல. மோட்டார் ரூமைச் சுத்திப் பார்த்துட்டு, "மீட்டரையே காணோம், அப்ப உங்களுக்குக் கரண்டு ஓசியா?"ன்னு கேட்டாப்ல. "ஆமா தம்பி, ஓசிதான்"னு சொல்லிட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா அந்த வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கரண்டு எப்படி வந்துச்சுன்னு எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

போடியிலிருந்து தேவாரம், கம்பம், கூடலூர் தாண்டிப் போனா மலையடியில லோயர் கேம்ப். குமுளிக்கு பஸ் ஏறுறப்ப நிமிர்ந்து பார்த்தா, மலைமேல இருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி வர்றது தெரியும். அதுக்குள்ள வர்றது பெரியாத்துத் தண்ணி. மேற்கே ஓடிக் கடல்ல சேர்ந்துக்கிட்டிருந்த தண்ணியை, பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைஞ்சு, 1895-ல் நம்ம பக்கம் திருப்பிவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கு பச்சையானது அதுக்கப்புறம்தான்.

ஆனா அந்தத் தண்ணி அறுபது வருஷத்துக்கு மேல சும்மாவே மலையிலிருந்து விழுந்துச்சு. இதுல கரண்டு எடுக்கலாமேன்னு மெட்ராஸ் அரசாங்கம் கேட்டப்ப, திருவிதாங்கூர் ஒத்துக்கலை. 1886-ல் போட்ட குத்தகை பாசனத்துக்குத்தான்னு சொன்னாங்க. வழக்கு நடுவர்கிட்ட போச்சு. 1941-ல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, பாசனத்துக்கு மட்டும்தான்னு தீர்ப்புச் சொல்லிட்டார். அந்த நேரத்துக்குள்ள பைக்காராவும் மேட்டூரும் கரண்டு கொடுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் ரெண்டு அரசாங்கமும் பேசி, 1958-ல்தான் லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் ஓட ஆரம்பிச்சது. 35 மெகாவாட் மெஷின் நாலு, மொத்தம் 140 மெகாவாட். பின்னால புதுப்பிச்சு 168 ஆக்குனாங்க.

எங்க நிலம் மேட்டு நிலம், பெரியாத்துத் தண்ணி இங்க ஏறாது. மேல மலையில ஏலக்காய்க்கு மழையும் நிழலும் துணை. அடிவாரத்துல மாவுக்கும் தென்னைக்கும் கிணறுதான் துணை. தாத்தா காலத்துல கமலை. விடியக் கருக்கல்ல மாட்டைப் பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும் இறைப்பு. அப்படி இறைச்சாலும் ஒரு ஏக்கர் நனையுறது பெரும்பாடு. பெரியாறு, மேட்டூர், பாபநாசம்னு எல்லா பவர் ஹவுஸ் கரண்டும் ஒரே கம்பியில கலந்துதான் வரும். எது எந்த ஊர்க் கரண்டுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அப்படி வந்த கரண்டுதான் மாட்டை அவுத்துவிட்டுச்சு.

அப்பா போட்டது 5 எச்.பி. மோட்டார். நம்ம நாட்டுலயே முதல் மோட்டாரை 1937-ல் கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செஞ்சாங்க. மும்முனை மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு கேக்குறவங்களுக்கு நான் உரலைத்தான் சொல்வேன். மூணு பொம்பளைங்க ஒரே உரல்ல மாத்தி மாத்திக் குத்துற மாதிரி, மூணு பேஸும் ஒன்னு மாத்தி ஒன்னு காந்தமாகும். அந்தக் காந்தம் வட்டமாச் சுத்தும், உள்ள இருக்குற ரோட்டரும் அது பின்னாலேயே ஓடும். ஒரு பேஸ் இல்லைன்னா மோட்டார் கிளம்பாம உறுமிக்கிட்டே சூடாகும். ஓடுறப்ப வோல்டேஜ் குறைஞ்சா, அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் கருகும். எத்தனை தடவை காயில் கட்டியிருக்கோம்னு எனக்கே கணக்கில்லை.

அப்பா காலத்துல கரண்டு ஓசி இல்லை, பில்லு கட்டணும். 1970 மே 29-ல் கேரளாவோட புது ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. பெரியாத்துத் தண்ணியில எடுக்குற கரண்டுக்கு, ஒரு கிலோவாட் வருஷத்துக்கு, அதாவது 8,760 யூனிட்டுக்கு, நாம 12 ரூபாய் கொடுக்கணும்னு அதுல இருக்கு. 35 கோடி யூனிட்டைத் தாண்டினா 18 ரூபாய். சரியா மூணே வாரத்துல, ஜூன் 19-ல், பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. அவங்க கேட்டது, யூனிட்டுக்கு 8 பைசாவுல இருந்து 10 பைசாவா ஏத்தினதைக் குறைக்கணும்னு. அப்புறம் ஒரு பைசா குறைச்சாங்க. 1972-ல் மறுபடி ஏத்தினப்ப நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டியெல்லாம் கோயம்புத்தூரை மறிச்சு நின்னுச்சு. அப்புறம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாச்சு. ஓசின்னு சொல்ற கரண்டுக்குப் பின்னால இத்தனை பேரோட உசுரும் இருக்கு.

இனி சொல்லப் போறதுதான் என் மனசை அரிக்கிறது. அப்பா காலத்துல 40 அடியில தண்ணி. மோட்டார்லயும் பம்புலயும் குழாய்லயும் போற நஷ்டத்துக்கு அப்புறம், கொடுக்குற கரண்டுல நூத்துக்கு நாப்பது தேறும்னு வச்சுக்கங்க. அப்ப ஒரு யூனிட்டுக்கு 12,000 லிட்டர் ஏறும். இப்ப என் போர்ல தண்ணி கிடக்குறது 600 அடியில. அதே கணக்குல ஒரு யூனிட்டுக்கு 800 லிட்டர்தான். இதையே திருப்பிப் பாருங்க. 1,200 அடி உயரத்துல இருந்து ஆயிரம் லிட்டர் விழுந்தா, துளி நஷ்டம் இல்லைன்னாலும் கிடைக்கிறது ஒரே ஒரு யூனிட்டுதான். மலையில அம்புட்டு உசரத்துல இருந்து ஆயிரம் லிட்டர் விழுந்து தர்ற கரண்டு, இங்க ஆயிரம் லிட்டரை மேல கொண்டுவரப் பத்தலை.

இதுக்கு யாரைக் குத்தம் சொல்றது? பைசாவுக்காகப் போராடுனவங்க மேல தப்பில்லை. இலவசம் இல்லைன்னா என்னைப் போல உள்ளவன் எப்பவோ நிலத்தை வித்திருப்பான். ஆனா பில்லு இல்லாததால நாங்க எண்ணிப் பார்க்குறதை விட்டுட்டோம். கரண்டு வர்றப்பல்லாம் ஓடட்டும்னு சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்குனவங்கள்ல நானும் ஒருத்தன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 100 அடி கூடப் போட்டா, நானும் 100 அடி கூடப் போட்டேன்.

அந்தத் தம்பி கிளம்பிப் போன வாரம், தேனியில ஒரு சின்ன மீட்டர் வாங்கியாந்து ஸ்டார்ட்டர் பக்கத்துல நானே மாட்டினேன். பில்லுக்கு இல்லை, எனக்குத் தெரியணும்னு. முதல் நாள் 7.5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுச்சு. 7 யூனிட், தொட்டியில 5,600 லிட்டர். நோட்டுல எழுதி வச்சேன். மறுநாள் சொட்டுநீர்க் குழாயில ரெண்டு இடத்துல ஒழுகுனதை அடைச்சேன். அதையும் எழுதி வச்சிருக்கேன்.

அந்தத் தம்பி அடுத்த தடவை வந்தா, ஓசியான்னு கேக்குறதுக்கு முன்னாலயே நோட்டை எடுத்து நீட்டிடுவேன்.