யோகமும் ஓசையும்: மௌனத்தின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

யோகப் பயிற்சியை மௌனத்திற் செய்வதா, இசையுடன் செய்வதா என்னும் வினா இன்று பெரும்பாலும் தனிமனித விருப்பு வெறுப்புச் சார்ந்ததாகவே பேசப்படுகின்றது. மௌனமே தொன்மையானது, இசை பிற்காலக் கலப்பு என்பர் ஒரு சாரார்; நாதமே யோகத்தின் உயிர் என்பர் மறுசாரார். மௌனத்தையும் இசையையும் காலத்துக்கும் சமூகத்துக்கும் அப்பாற்பட்டனவாகக் கொள்வதில் இரு சாராரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர். நூல்களை வரலாற்றுக் கண்ணோட்டத்துடன் அணுகுமிடத்து வேறொரு சித்திரம் புலப்படுகின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகையின் நான்காம் உபதேசம் நாதத்தைப் பற்றி விரிவாகப் பேசுவது. காதுகளை அடைத்துக்கொண்டு உள்ளே எழும் ஒலியை உற்றுக் கேட்பதே அங்கு விதிக்கப்படும் முறை. எனவே, இசைக்குச் சான்றாகக் காட்டப்படும் நூலே புற ஒலியை விலக்கிய பின்னரே நாதம் கேட்கும் என்கின்றது. ஆயின், அவ்வொலி எத்தகையது எனக் கூறவரும்போது நூலாசிரியருக்கு வேறு சொற்கள் கிட்டவில்லை. தொடக்கத்திற் கடல், மேகம், பேரிகை முதலியன. இடையில் மத்தளம், சங்கு, மணி, கொம்பு. இறுதியிற் கிண்கிணி, குழல், வீணை, வண்டு. அநாகதம் என்பதற்கு அடிக்கப்படாதது என்பது பொருள். அடிக்கப்படாத அவ்வொலி, மனிதக் கைகள் அடித்தும் ஊதியும் மீட்டியும் எழுப்பும் ஒலிகளைக் கொண்டே இனங்காணப்படுகின்றது. கோயிலிலும் அரண்மனையிலும் கேட்டவற்றையே யோகி தன்னுள்ளும் கேட்டான் எனலாம்.

இவ்வரிசையில் இன்னொன்றும் உண்டு. தோற்கருவிகள் கீழ்ப்படியிலும் இடைப்படியிலும் நிற்க, வீணை மேற்படியில் நிற்கின்றது. பருமையிலிருந்து நுண்மைக்குச் செல்லும் ஒலியியல் ஒழுங்கு இது என வாதிக்கலாம்; அவ்வாதத்தை முற்றாக ஒதுக்கவும் இயலாது. எனினும், தோலைத் தொடுவோரைத் தாழ்த்தியும் நரம்பை மீட்டுவோரை உயர்த்தியும் வைத்த சமூகத்தின் செவி அவ்வொழுங்கிற் பங்குகொள்ளவில்லை என்று கருதுவது கடினம். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரமும் உள்ளே எழும் பத்து நாதங்களைக் குறிப்பிடுகின்றது. அங்கு பேரிகையும் யாழும் அருகருகே வருகின்றன, படிநிலை வற்புறுத்தப்படவில்லை. செய்யுளின் ஓசைத் தேவையும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் இதிலிருந்து மிகைப்பட முடிவு காண்பதற்கில்லை. ஆனால் பறையை அப்பத்தினுள்ளும் காணோம்.

இனி மௌனத்துக்கு வருவோம். மௌனம் இலவசமாகக் கிடைக்கும் பொருளன்று. ஹடயோகப் பிரதீபிகையின் முதலாம் உபதேசமே இதனை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றது. நல்லாட்சி நிலவும், இடர்கள் அற்ற, பிச்சை எளிதிற் கிடைக்கும் நாட்டில், தனித்த இடத்தே, சிறு வாயிலும் சாணமிட்டு மெழுகிய தரையும் கொண்ட மடத்தில் யோகி வாழவேண்டும் என்பது விதி. விளைநிலத்தில் உபரி தோன்றியிருக்க வேண்டும்; அவ்வுபரியை விளைவித்தோர் அதில் ஒரு பங்கை ஈந்திருக்க வேண்டும்; அதன் பின்னரே மடத்தினுள் மௌனம் சாத்தியமாகும். யோகத்தின் ஆன்மிகச் சிறப்பை வியந்தெழுதிய நம் அறிஞர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்து சென்றமை தற்செயலன்று.

அந்நூலின் இரண்டாம் உபதேசம் விடியல், நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளைகளை மூச்சுப் பயிற்சிக்கு ஒதுக்குகின்றது. அவற்றுள் விடியலை எண்ணிப் பார்ப்போம். நமது மலையகத் தோட்டங்களில் அதே வேளையில் ஒலித்தது பிரட்டுத் தப்பு. லயக் காம்பராக்களில் உறங்கியோரை எழுப்பி வேலைக்கு நிரைப்படுத்திய தோற்கருவி அது. விடிவெள்ளி தோன்றும் அந்நாழிகை ஒருவனுக்குத் தியானப் பொழுதாகவும் இன்னொருத்திக்குக் கொழுந்துக் கூடையைத் தேடும் பொழுதாகவும் அமைந்தமைக்கு மனப்பக்குவத்தைக் காரணங் கூற முடியுமா?

மௌனத்தைப் போற்றிய நம்மவர் அதனைப் பாடியே போற்றினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மௌனகுருவை வணங்கிய தாயுமானவரும், சும்மா இருத்தலைப் போதித்த கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் (1872-1964) பாடல்களை விட்டுச் சென்றவர்களே. யோகரின் நற்சிந்தனைப் பாடல்கள் கூடியிருந்து பாடப்படுவன. மௌனமும் இசையும் பகையாகும் நிலை அங்கு எழவில்லை.

அந்நிலை எழுந்தது பிற்பாடு, யோகம் கூட்டாகக் கற்பிக்கப்படும் உடற்பயிற்சியாகிய போதே என்பது எமது கருத்து. 1933 இல் மைசூர் அரண்மனையின் ஆதரவிற் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலையை நடத்தத் தொடங்கினார். 1934 இல் வெளிவந்த அவரது யோக மகரந்தம் ஆசன அசைவுகளை எண்ணிட்டு வகுக்கின்றது. எண்ணிக்கைக்கு அடங்கும் உடல் சந்தைக்கும் எளிதில் அடங்குவது. 1968 இல் அமெரிக்கக் கிளாரினற் கலைஞர் டொனி ஸ்கொட் யோக தியானத்துக்கென்றே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். கிளாரினற்றுடன் சித்தாரும் அதில் இழைந்தது. கிராமத்து உபரி தாங்கிய மௌனம் நகரத்து வாடகை அறையிற் கிட்டாதபோது, அதற்கு ஈடாக விலைக்கு வந்தது இசை. இன்று மௌனமும் அவ்வாறே விற்பனைக்கு உள்ளது: ஓசை புகாத மண்டபங்களுக்கும் பேசா விரத முகாம்களுக்கும் கட்டணம் அறவிடப்படுகின்றது. முன்னர் விரலால் அடைக்கப்பட்ட செவியில் இப்போது ஒலிவாங்கிக் குமிழ் செருகப்படுகின்றது. மாதச் சந்தா செலுத்தியவருக்கு அதனூடாகக் கடலும் மேகமும் குழலும் கேட்கின்றன.