தங்கவயலும் எழுத்துரிமையும்

கோலார் தங்கவயலின் வரலாறு, மண்ணுக்குள் கிடக்கும் செல்வம் யாருடையது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் குழுமம் அங்கே கால்வைத்தது. நிலம் மைசூர் சமஸ்தானத்தினுடையது. முதல், லண்டன் மாநகரில் பங்குகள் வாங்கியோருடையது. உழைப்போ, பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்களுடையது. எடுத்த பொன்னுக்காகச் சமஸ்தானத்திற்கு ஒரு பங்கு செலுத்தப்பட்டது. அதற்கு ராயல்டி என்று பெயர். ஆதாயம் பங்குதாரரைச் சேர்ந்தது. தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. அதனோடு பலருக்கு நெஞ்சில் கல்தூசியும் தங்கியது.

ராயல்டி என்னும் அதே சொல் எழுத்துலகிலும் வழங்குகிறது. நூலாசிரியனுக்குப் பதிப்பாளர் அளிக்கும் உரிமைப் பங்கும் அதுவே. சுரங்கத்திலும் நூலகத்திலும் ஒரே சொல் வழங்குவதால், இன்று உலகெங்கும் நடைபெறும் ஒரு வழக்கைத் தங்கவயல் தமிழர் எளிதில் உணர்ந்துகொள்ள முடியும். செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பிறர் எழுதிய நூல்களையும் செய்திகளையும் கொண்டு பயிற்சி பெறுகின்றன. அனுமதியின்றி அவ்வாறு செய்வது பதிப்புரிமையை மீறுவதாகுமா என்பதே அவ்வழக்கு.

இப்பொறிகள் பயிலும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கோடிக்கணக்கான பக்கங்கள் திரட்டப்பெற்றுக் கணிப்பொறியில் படியெடுத்து வைக்கப்படுகின்றன. எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதை அப்பக்கங்களிலிருந்து பொறி எண்களாகக் கணித்துக் கொள்கிறது. பின்னர் நாம் வினவும்போது அக்கணக்கின் துணையால் புதிய வாக்கியங்களை ஆக்கித் தருகிறது. மாணவன் ஒருவன் நூறு நூல்களைப் படித்துத் தன் நடையை அமைத்துக்கொள்வது போன்றதே இது என்பர் பொறியாளர். மாணவன் நூலகத்தையே படியெடுத்து வீட்டிற்குக் கொண்டுபோவதில்லையே என்பர் எழுத்தாளர். இரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது.

தங்கவயலில் இதற்கு நல்லதோர் உவமை உண்டு. சுரங்கங்களை அடுத்து மலைபோல் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகளை அங்கு வாழ்ந்தோர் யாவரும் அறிவர். பாறையை இடித்துப் பொன்னைப் பிரித்த பின்னர் எஞ்சிய மணலில் நுண்ணிய பொன் தங்கிவிடும். 1887ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் மக்ஆர்தர், ஃபாரஸ்ட் என்போர் சயனைடு கரைசலால் அதனைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அது பரவியபின், கழிவு என்று கருதப்பட்ட மணலும் செல்வமாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. எனினும் 2024 ஜூன் மாதத்தில், 13 மேடுகளிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது.

பழைய செய்தித்தாள்களும் வாசிப்பாரற்ற நூல்களும் இவ்வாறே இன்று விலை பெற்றுள்ளன. புதிய முறையைக் கண்டவனுக்கு அம்முறையில் உரிமை உண்டு. ஆனால் முறையைக் கண்டதனாலேயே மேடு அவனுடையதாகிவிடாது.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், புதிய நூலுக்கு 14 ஆண்டும், அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டும் உரிமை வழங்கிற்று. இந்தியாவில் 1847, 1914 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னர், 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டு என்றிருந்த காலவரை 1992இல் 60 ஆண்டாயிற்று. எனவே பதிப்புரிமை என்றும் நிலைக்கும் உடைமை அன்று. காலம் முடிந்ததும் நூல் ஊர்ப்பொதுவாகும்.

மற்றுமோர் எல்லையும் உண்டு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட வடிவத்திற்கே உண்டு என்று 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கற்பதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் நூலை மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் ஆசிரியரின் தனியுரிமைகளுள் ஒன்றாக அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் அடங்கும். தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றிற்கான நேர்மையான பயன்பாட்டை 52ஆம் பிரிவு விலக்குகிறது. வாணிகப் பொறியின் பயிற்சி இவ்விலக்கினுள் அடங்குமா என்பதே சிக்கலின் முடிச்சு.

2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் நான்கு கேள்விகளை வகுத்தது. பயிற்சிக்காகச் செய்திகளைச் சேமிப்பது மீறலா? அவற்றைக் கொண்டு விடையளிப்பது மீறலா? இவை நேர்மையான பயன்பாடாகுமா? பொறிகள் அமெரிக்காவில் இருக்கையில் இந்திய நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டா?

அயல்நாட்டுத் தீர்ப்புகளும் ஒரே வழியில் செல்லவில்லை. 2025 ஜூனில் ஆந்திராபிக் நிறுவனத்தின் வழக்கை விசாரித்த அமெரிக்க நீதிபதி, நூல்களைக் கொண்டு பொறியைப் பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடே என்றார். திருட்டுப் படிகளைத் திரட்டி நூலகமாக வைத்திருந்தது அவ்வாறன்று என்றும் கூறினார். பின்னர் அந்நிறுவனம் 150 கோடி டாலர் தர உடன்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், பாடல்வரிகள் பொறியின் நினைவில் பதிந்து மீண்டும் வெளிவருவது படியெடுத்தலே என்று தீர்த்தது.

தமிழருக்கு இதில் வழிகாட்டும் முன்னிகழ்ச்சி ஒன்று உண்டு. பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு, திரைப்பட உரிமைகள் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தபோது, அப்பாடல்கள் நாட்டிற்கே பொதுவாக வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. செட்டியார் தம் உரிமையைப் பொருள் பெறாமலே வழங்கினார். கவிஞரின் மனைவிக்கும் மகளிர்க்கும் தொகை அளிக்கப்பட்டது. பின்னர்ப் பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின. பொதுவாக்குவது வேறு, வாரிசுகளைக் கைவிடுவது வேறு என்பதை அன்றே தமிழகம் உணர்ந்திருந்தது.

தங்கவயலுக்கும் இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்தபின் தளர்ந்தது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலில் மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கிற்று. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து ஆதரவளித்துக் காத்த எழுத்துகள் அவை. படியெடுத்ததனால்தான் அவை அழியாமல் நம்மை அடைந்தன. ஆகவே படியெடுத்தல் யாவும் களவு என்று தமிழன் கூறமாட்டான். எவர் நலனுக்காக, எவர் செலவில், எவர் ஆதாயம் பெற என்பவற்றை மட்டும் கேட்பான்.

2025 டிசம்பரில் இந்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை ஒரு கருத்துரையை வெளியிட்டது. முறையாகப் பெற்ற எழுத்துகளை எல்லாப் பொறியாளரும் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். அதற்கு ராயல்டி செலுத்துதல் வேண்டும். ஆசிரியர் மறுக்க இயலாது என்பது அதன் சாரம். மறுக்கும் உரிமை பறிபோவது குறையே. ஆயினும் ஒவ்வோர் எழுத்தாளனும் பெருநிறுவனத்தோடு தனித்தனியே பேரம் பேசுவதைவிட இம்முறை எளியோருக்கு நன்மை தரலாம்.

ஆனால் தங்கவயலின் பாடத்தை மறத்தலாகாது. ராயல்டி அங்கே முறையாகச் செலுத்தப்பட்டது. ஆயினும் அது பாறையை உடைத்தவன் கையை அடையவில்லை. செய்தி நிறுவனத்திற்குச் செல்லும் ராயல்டி, செய்தி எழுதியவனை அடையுமா? இங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நினைவிற்கொள்ளத் தக்கது. பத்திரிகையில் ஊதியத்திற்குப் பணிபுரிபவர் எழுதியதற்கு, பத்திரிகையில் வெளியிடும் அளவில் அதன் அதிபரே உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், ஏனைய வகைகளில் எழுதியவரே முதல் உரிமையாளர். பொறியின் பயிற்சி இவ்வேனைய வகைகளுள் ஒன்று என வாதிட இடமுண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலர் சங்க மலர்களும் சிற்றிதழ்களும் நடத்தி வருகின்றனர். அவர்கள் எழுத்தும் நாளை இப்பொறிகளுக்கு மூலப்பொருளாகலாம். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் இதழில் தெளிவாகப் பொறிப்பதும், உரிமை யாருடையது என்று எழுத்தில் வரைந்து வைப்பதும் இன்றே செய்யத்தக்கன. தங்கவயலில் தொழிலாளியின் பெயர் கூலிப் பட்டியலில் மட்டுமே இருந்தது. அந்நிலை எழுத்தாளனுக்கு நேராதிருக்க வேண்டுமாயின், ராயல்டிப் பட்டியலிலும் அவன் பெயர் இடம்பெறுதல் வேண்டும்.