சேமிப்பை மனவுறுதிக்கு மட்டும் விட்டுவிடலாகாது

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனன்குடாவில் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் என்பன அமைந்துள்ளன. இத்தகைய நிறுவனங்களில் மாதச் சம்பளம் பெறும் தொழிலாளி ஒருவர், தாம் அறியாமலேயே ஒழுங்கான சேமிப்பாளராக இருக்கின்றார். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டப்படி அவரது சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகின்றது. தொழில்தருநர் 12 சதவீதம் செலுத்துகின்றார். 1980 இல் உருவான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம் தொழில்தருநரால் செலுத்தப்படுகின்றது. ஆக, நூறு ரூபா சம்பளத்துக்கு 23 ரூபா சேர்கின்றது. பணம் கைக்கு வருமுன்னரே பிரிக்கப்பட்டு விடுவதால், மாதந்தோறும் மனத்தோடு போராட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

அதே குடாவின் மறுபுறத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடற்றொழில் செய்வோர், கூலியாட்கள், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் நிலை வேறு. நல்ல பாடு கிடைத்த நாளில் அவர்களது கையிலும் பணம் புழங்குகின்றது. ஆனால், அதில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு எதுவும் அவர்களுக்கு இல்லை. அயலவர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு ஒன்றே துணை. அதுவும் சீட்டுப் பிடிப்பவரின் நாணயத்தில் தங்கியுள்ளது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கடனே வழியாகின்றது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை 2018 இல் அரசுக்கே ஏற்பட்டதை நாம் மறந்துவிட முடியாது.

இன்றைய செலவு பெரிதாகவும் நாளைய தேவை சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு என உளவியல் கூறுகின்றது. கையிலிருப்பதை இழப்பது, அதே அளவைப் பெறுவதைவிட மனத்தைக் கூடுதலாகத் தாக்குகின்றது. 2017 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற றிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இவ்வியல்புக்கு ஏற்பவே ஒரு திட்டத்தை வகுத்தனர். இப்போதைய சம்பளத்தைத் தொடாமல், அடுத்தடுத்த சம்பள உயர்வுகளில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு விடுவதற்கு முன்கூட்டியே இணங்கச் செய்வதே அது. அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் இத்திட்டம் முன்வைக்கப்பட்டவர்களுள் 78 சதவீதமானோர் இணைந்தனர். 40 மாதங்களில் அவர்களது சேமிப்பு வீதம் 3.5 இலிருந்து 13.6 ஆக உயர்ந்தது என அவர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது.

நோக்கத்தோடு பிணைந்த சேமிப்பும் உறுதியாக நிற்கும். ஹஜ் கடமைக்காகக் காணியையும் கால்நடையையும் விற்ற மலேசிய முஸ்லிம்களுக்கென, உங்கு அசீஸ் 1959 இல் முன்வைத்த யோசனையின் பயனாக 1963 இல் வட்டியற்ற சேமிப்பு நிறுவனம் ஒன்று உருவாயிற்று. இன்று தாபுங் ஹாஜி என அறியப்படுவது அதுவே. பிலிப்பைன்ஸில், தாமே குறித்த திகதி அல்லது தொகை வரும்வரை பணத்தை மீளப்பெற முடியாத கணக்கு ஒன்று வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்டது. அது வழங்கப்பட்டோரின் வங்கிச் சேமிப்பு, ஓராண்டில் ஏனையோரைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்ததை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வேற்பாடுகள் யாவற்றையும் இன்று கையடக்கத் தொலைபேசிச் செயலி ஒன்றினால் செய்ய இயலும். ஆனால், அதே மென்பொருள் தீமைக்கும் துணைபோகும். அமெரிக்காவின் 66,465 குடும்பங்களது பங்குக் கணக்குகளை 1991 முதல் 1996 வரை ஆராய்ந்த பார்பர், ஓடியன் ஆகியோர், மிக அடிக்கடி வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதமே ஈட்டியதாகவும் சந்தை 17.9 சதவீதம் தந்ததாகவும் கண்டனர். எனினும், அடிக்கடி வியாபாரம் செய்யத் தூண்டும் செயலிகள் தோன்றின. பங்கு வாங்கியதும் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைச் சொரிந்து கொண்டாடிய ரொபின்ஹுட் நிறுவனம், கண்டனங்களுக்குப் பின் 2021 இல் அதனைக் கைவிட்டது.

2020 முதல் கொழும்பு பங்குச்சந்தையும் செயலி வழியே மக்களைச் சென்றடைகின்றது. எனவே, செயலிகள் எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன என்பது இனித் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரிய விடயமன்று. நமது வங்கிகளிடமும் மத்திய வங்கியிடமும் நாம் வேண்டுவது இதுவே: பணம் வந்த நாளிலேயே ஒரு பங்கைத் தானாகப் பிரித்தெடுக்கும் வசதி வேண்டும். நாளாந்த வருமானம் பெறுவோருக்கு அது தொகையாக அன்றி வீதமாக அமைய வேண்டும். மகளின் படிப்பு, படகின் இயந்திரம், ஹஜ் எனக் கணக்குக்குப் பெயரிட இடமளிக்க வேண்டும். அவசரமாக மீளப்பெற முனைபவருக்கு ஒருநாள் அவகாசம் கொடுத்துச் சிந்திக்கச் செய்ய வேண்டும். இவை எளிய தமிழில் இருத்தல் வேண்டும். வட்டியைத் தவிர்ப்போருக்கு இலாபப் பங்கீட்டு வழியும் அதே திரையில் கிடைக்க வேண்டும். 2011 முதல் அமானா வங்கி வட்டியற்ற முறையில் இயங்கிவருவதால் இது இயலாத காரியமன்று.

சேர்ப்பது மட்டும் போதாது என்பதையும் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, பெட்டியில் பூட்டிய பணம் கரைந்து போயிற்று. குறுகிய காலத்தில் பெருலாபம் தருவதாக ஆசைகாட்டும் செயலிகளோ அதைவிட ஆபத்தானவை. பணம் எங்கே இடப்படுகின்றது, யாருடைய அனுமதியுடன் திரட்டப்படுகின்றது என்பதை முதல் திரையிலேயே தெளிவாகக் காட்டாத செயலியை நம்பலாகாது.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1958 இல் சட்டம் செய்துகொடுத்த ஏற்பாட்டை, கடலை நம்பி வாழ்பவருக்கு இன்று ஒரு செயலி பெருமளவு செய்துகொடுக்கலாம். அதற்கான பொறுப்பு அதனை வடிவமைப்போரிடமும் அவர்களை மேற்பார்வை செய்வோரிடமுமே உள்ளது.