குடத்துக்குள்ளே ஒரு நிகழ்தகவுக் கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோட கடைசிப் பாடம் ஞாபகம் இருக்கா? 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. ஒரு பையில இத்தனை சிவப்புப் பந்து, இத்தனை நீலப் பந்து. பார்க்காம ஒண்ணை எடுத்தா சிவப்பு வர வாய்ப்பு என்ன? இன்னைக்கு அதே வீட்டுப்பாடத்தை உத்திரமேரூர்ல உட்கார்ந்து போடப் போறோம். பைக்குப் பதிலா குடம், பந்துக்குப் பதிலா ஓலை.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்து ரெண்டு கல்வெட்டு இருக்கு. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊர் வாரியங்களுக்கு, அதாவது கமிட்டிகளுக்கு, ஆள் எடுக்கிற விதிகள் அதுல இருக்கு. இதைத்தான் குடவோலை முறைன்னு சொல்றோம்.

ஊர்ல 30 குடும்பு. இன்னைக்கு வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடுவாங்க. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு ஓலையை எடுப்பான். நடுவர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில அதை வாங்கணும். கைக்குள்ள வேற ஓலை ஒளிஞ்சிருக்கக் கூடாதில்லையா! அப்புறம் எல்லாருக்கும் கேட்க வாசிப்பாங்க.

முதல் கணக்கு சுலபம். 30 பேர்ல 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கூட்டினா சரியா 30. ஆனா ஆண்டு வாரியத்துக்குக் குலுக்கல் மட்டும் போதாது. வயசும் படிப்பும், மத்த ரெண்டு வாரியத்துல இருந்த அனுபவமும் பார்ப்பாங்க.

ரெண்டாவது கணக்கு. ஒரு குடும்புல தகுதியானவங்க 10 பேர்னு வெச்சுக்குவோம். உங்க பேர் வர நிகழ்தகவு 1/10. ஆனா கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க பேர் குடத்துக்குள்ள போகாது. அப்போ நாலாவது வருஷத்துல இருந்து குடத்துல 7 ஓலைதான். காத்திருக்கிறவருக்கு வாய்ப்பு 1/7 ஆயிடுது. ஒரே ஆள் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்காராம இருக்க இந்த ஒரு விதி போதும். கணக்குக் காட்டாதவரும் அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் குடத்துக்கே வரக்கூடாது.

மூணாவது கணக்குதான் கஷ்டம். அந்த 10 பேர் யாரு? வயசு 35-க்கு மேல, 70-க்குக் கீழ. வரி கட்டுற கால் வேலி நிலம். சொந்த மனையில வீடு. வேதப் படிப்பு. ரொம்பப் படிச்சவருக்கு அரைக்கால் வேலி போதும். இது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர். இது அவங்க சபை. அந்த நிலத்தை உழுதவங்களுக்கும், ஊர்ப் பெண்களுக்கும் வாய்ப்பு? பூஜ்ஜியம். குடத்தை எவ்வளவு குலுக்கினாலும் பூஜ்ஜியம்தான்.

குலுக்கல் நியாயமா நடந்துச்சு. ஆனா அந்த நியாயம் குடத்துக்குள்ள இருந்த ஓலைகளுக்கு மட்டும்தான். புள்ளியியல்ல மாதிரி எடுக்கும்போதும் இதே சிக்கல்தான்: பட்டியல்லயே இல்லாதவங்களை எந்தக் குலுக்கலும் கொண்டு வராது.

குடம் பெருசாக ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. 1992-ல வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகள்ல பெண்களுக்கு மூணுல ஒரு பங்காவது இடம் கொடுத்துச்சு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம். தமிழ்நாட்டுல 2016-ல பெண்களுக்கான பங்கு பாதியாச்சு.

அப்போ இந்த வார வீட்டுப்பாடம்: உங்க அபார்ட்மென்ட் சங்கத்துலயோ ஆபீஸ்லயோ அடுத்த தடவை குலுக்கல் போட்டா, யார் பேர் வந்துச்சுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, யார் பேரெல்லாம் போட்டீங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.