அளந்த பிறகு போதும் குழாய்

கிண்டி கிங் நிலையம் 1899-இல் தோன்றியபோது அதன் முதல் வேலை அம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால் தயாரிப்பது. வருமுன் காப்பதே அந்த மண்ணின் மருத்துவ மரபு. அதே வளாகத்தில் 2023 ஜூனில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும், 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்தன. புராஸ்டேட் வீக்கம், நீண்டகாலச் சர்க்கரை நோய், பக்கவாதம் என்று முதுமையில் சிறுநீர் தேங்கக் காரணங்கள் பல. ஆகவே, சிறுநீர்ப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று குழாய் (கதீட்டர்) போடாமலே அறிவதும் வருமுன் காக்கும் வேலைதான்.

நெடுங்காலம் அதை அறியக் கைதான் கருவி. அடிவயிற்றில் ஒரு விரலை வைத்து, மறுகை விரலால் அதன்மேல் தட்டினால், நிறைந்த பை மந்தமாக ஒலிக்கும். ஆனால் அளவு தெரியாது. 1930-களில் மருத்துவர் ஃபோலி உருவாக்கிய பலூன் கதீட்டர் வந்தபின் குழாய் போடுவது எளிதானது. சிறுநீர் கழித்த பின்னும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்கும் குழாயே போட்டார்கள். உள்ளே போகும் குழாயோடு கிருமியும் போகும். குழாய் தங்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு ஏறும். குழாய்க்கு மாற்று அல்ட்ராசவுண்டில் பிறந்தது. 1958-இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு அல்ட்ராசவுண்டை மருத்துவத்தில் நிலைநாட்டினார். 1967-இல் டென்வரின் ஜோசப் ஹோம்ஸ் அதைச் சிறுநீர்ப்பை ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1980-களில் கையடக்கக் கருவி வார்டுக்கே வந்தது. அடிவயிற்றில் ஜெல் தடவி, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கருவியை வைத்தால் போதும். திரையில் மில்லிலிட்டர் கணக்கு வந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.52-ஆல் மீண்டும் பெருக்குவதே இதன் பழைய கணக்கு.

கருவி தவறலாமே என்பார்கள். உண்மைதான், வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கருப்பைக் கட்டி இருந்தாலோ எண் பிழைக்கும். அப்படிப்பட்டவர்களை மருத்துவர் பார்க்கட்டும். அதற்காக எல்லோருக்கும் குழாய் போடுவது நியாயமாகாது. இதுவும் அல்ட்ராசவுண்ட் கருவி என்பதால், சட்டம் இடம் தருமா என்பது கனமான கேள்வி. பெண் சிசுக்களைப் பறிகொடுத்த தமிழகத்துக்கு, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அருமை தெரியும். அது தளரவே கூடாது. ஆனால் 2012-இல் வந்த விதியே, பதிவுபெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியை அனுமதிக்கிறது. படம் காட்டாமல் எண் மட்டும் காட்டும் கருவி கருவின் பாலினத்தைச் சொல்லாது. அத்தகைய கருவிக்குத் தெளிவான தனி விதி வகுத்து, பதிவேடும் பயிற்சியும் கொடுத்து, அதைச் செவிலியர் கையில் ஒப்படைக்க வேண்டும். அளந்து பார்க்காமல் எந்த முதியவருக்கும் குழாய் போடுவதில்லை என்ற வழக்கம் கிண்டியிலிருந்து தொடங்கட்டும்.