மஞ்சள் துளியும் லத்தீன் பெயரும்

மார்கழிப் பனி இறங்கினால் திருவண்ணாமலைப் பக்கத்துத் தோட்டங்களில் பூசணி, வெண்டை இலைகள் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். அது சாம்பல் நோய். அந்தப் பூஞ்சையை மேய வருவது மஞ்சள் நிறப் பொறிவண்டு, இல்லீஸ் சிங்டா. பிடிச்சா மஞ்சளா, பிசுபிசுன்னு ஒரு துளி விடும்.

லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரிசியஸ் இந்த இனத்தை விவரித்தது 1798-ல். 'சிங்டா' என்றால் லத்தீனில் கச்சை கட்டியது. அந்தக் காலத்தில் இந்தியப் பூச்சிகள் ஐரோப்பா போன வழிகளில் ஒன்று தரங்கம்பாடி. அங்கே டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி சேகரித்த பலவற்றுக்கும் ஃபாப்ரிசியஸ்தான் பெயர் வைத்தார். அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தவை காய்ந்த வண்டுகள். காய்ந்த வண்டில் நிறமும் வடிவமும் மிஞ்சும். என்ன தின்றது, தொட்டால் என்ன செய்யும் என்பது மிஞ்சாது.

அந்தத் துளி எச்சில் இல்லை, ரத்தம். பொறிவண்டுகள் அதைக் கால் மூட்டுகளில் கசியவிடும், புழுக்கள் முதுகில். அதன் கசப்பு எறும்பையும் பறவையையும் விரட்டும். ஏழுபுள்ளி வண்டின் கசப்புப் பொருளைப் பெல்ஜிய வேதியியலாளர்கள் காக்சினெல்லின் என்று அறிவித்தது 1971-ல்தான்.

கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளிவண்டும் இதே குடும்பம், அதுவும் இதே மாதிரி துளி விடும். அதனால துளியைப் பார்த்து மருந்து அடிக்காதீங்க. இலை சல்லடையாகி இருந்தால் அது புள்ளிவண்டு வேலை. முதுகில் புள்ளியே இல்லாமல், தலைக்குப் பின்னால் மட்டும் இரண்டு கறுப்புப் பொட்டு இருந்தால், அது பூஞ்சையைத் தின்ன வந்தது. விட்டுடுங்க.